சூரன் நான்தான்

"இந்த வருஷமும் சூரன் நான்தான்!" என்று மேஜையில் ஒரு குத்து விட்டார் ஜோதிலிங்கம். டீ கிளாஸ்கள் குலுங்கின.

டெல்லி துவாரகா முருகன் கோயில் கமிட்டிக் கூட்டம் அது. கந்தசஷ்டிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. செயலாளர் விஸ்வநாதன்தான் மெல்ல ஆரம்பித்தார்.

"சார், உங்களுக்கு அறுபத்தி மூணு ஆகுது. போன வருஷம் சிங்கமுகத்தோட ஓடறப்ப விழப் பார்த்தீங்க. இந்தத் தடவை அஷ்வத் போடட்டுமே."

அஷ்வத் கல்லூரி மாணவன். டெல்லியிலேயே பிறந்தவன்.

"சூரனுக்கு என்ன பெரிய நடிப்பு அங்கிள்? கேம்ல வர்ற மான்ஸ்டர் மாதிரிதானே. அதோட டிசைனே அவ்வளவுதான். கத்தணும், பயமுறுத்தணும், சாகணும்."

"பொறக்கும்போதே கெட்டவன்னு உனக்கு யாருடா சொன்னது?"

"பின்னே? அசுரன்னா நல்லவனா?"

ஜோதிலிங்கம் டீ கிளாஸைத் தள்ளி வைத்தார்.

விஸ்வநாதன் விடவில்லை. "வீரபாகு வேஷம் தர்றேன் சார். நின்ன இடத்துல வசனம் பேசினா போதும். முகமும் நல்லாத் தெரியும்."

"முகம் தெரியற வேஷம் வேணாம்யா. சூரன் இல்லேன்னா நான் கோயிலுக்கே வரல."

கடைசியில் பிடிவாதம்தான் ஜெயித்தது. அவர் படி இறங்கினாரோ இல்லையோ, பேச்சு கிளம்பிவிட்டது.

"பஞ்சாபிப் பையனைக் கட்டிக்கிட்டாள்னு, பெத்த பொண்ணையே 'இனிமே என் மூஞ்சியில முழிக்காதே'ன்னு விரட்டின மனுஷன். ஏழு வருஷமாச்சு. பேத்தியைக்கூடத் தூக்கினதில்ல."

"அவருக்கு எதுக்குய்யா வேஷம்? பிறவியிலேயே சூரன்!"

சிரிப்பு படி வரைக்கும் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

சஷ்டியன்று மத்தியானம், மனைவி இந்திராணி அவருடைய இடது முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னும் எத்தனை வருஷத்துக்கு இப்படி?"

"சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல இந்திரா. இதை விட்டா எனக்கு வேற வழி இல்ல."

சாயங்காலம் சூரசம்ஹாரம் ஆரம்பமானது. யானைமுகத்தோடு ஒரு சுற்று, சிங்கமுகத்தோடு ஒரு சுற்று. வேல் பட்டு ஒவ்வொரு தலை விழும்போதும் இரண்டு பேர் வேட்டியை விரித்து மறைக்க, அதற்குள் அடுத்த தலையை மாட்டிக்கொண்டார். மூன்றாவது, சூரனின் சொந்த முகம். முருகனை எதிர்த்து ஓட வேண்டியவர், வருஷா வருஷம் செய்வதுபோலப் பந்தலின் மூன்றாவது கம்பத்தைப் பார்த்து ஓடினார்.

"சூரன் சார், முருகர் இந்தப் பக்கம் இருக்கார்!" என்று மைக்கில் கூவினார் விஸ்வநாதன். கூட்டம் சிரித்தது.

கம்பத்தடியில் கவிப்ரியா நின்றிருந்தாள். இடுப்பில் ஐந்து வயது மானசா.

மகளை அவர் பார்ப்பது வருஷத்தில் இந்த ஒரு தடவைதான். அதுவும் காகிதக்கூழ் முகத்தில் இருந்த இரண்டு ஓட்டை வழியாக. இளைத்திருந்தாள். காதோரம் ஒரு நரை வேறு. பேத்தி நன்றாக வளர்ந்திருந்தாள். கை நீட்டினால் தொட்டுவிடலாம். உறும வேண்டிய சூரன் அதை மறந்து நின்றுவிட்டார்.

மானசா போன வருஷம்போல வீறிடவில்லை. முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"மம்மி, இந்த ராக்ஷஸ் ரொம்பக் கெட்டவரா?"

"இல்லடா. முருகரே இவரைக் கொல்லல, தெரியுமா? மயிலாக்கித் தன்கூடவே வெச்சுக்கிட்டார்."

"அச்சா?"

கவிப்ரியா கைப்பையிலிருந்து புது முட்டி உறை ஒன்றை எடுத்தாள்.

"இதைத் தாத்தாகிட்ட குடு. போன வருஷமே இடது காலைத் தாங்கித் தாங்கித்தான் ஓடினார்."

"தாத்தாவா? முகமே தெரியலியே. உனக்கு எப்படித் தெரியும்?"

"சொன்ன வார்த்தையும் போகக் கூடாது, என்னையும் பார்க்கணும். அதுக்காக வருஷா வருஷம் சூரனாகி அடி வாங்கறதுக்கு வேற யாருடா இருக்கா?"

மேளம் வேகமெடுத்தது. முருகனின் வேல் கிளம்பிவிட்டது. அது வந்து சேரும் முன்பே, சூரன் தன் தலையைத் தானே கழற்றினார்.