மஞ்சள் பலகை

கண்காட்சியில் என் ஸ்கிரீன் பிரிண்ட் முன்னால் அந்தப் பெண்மணி வெகுநேரமாக நின்றிருந்தார். ஒரு காலையில் போகிறபோக்கில் போனில் எடுத்த டீக்கடைப் படம்தான். நாலு வண்ணமாகப் பிரித்து அச்சடித்திருந்தேன். கீழே கடையின் பெயரும் படமெடுத்த தேதியும் இருந்தன. “அன்னிக்குத்தாங்க என் தம்பி தனராசு காணாமப் போனான்” என்றார். கடையைத் தாண்டி நடக்கும் ஒருவனைத் தொடாமல் காட்டினார். முகம் வெறும் நீலத் திட்டு. “காலர்ல இப்படிக் கைக்குட்டைய மடிச்சு வைக்கிறது அவன்தான். கடையப் பாத்து நின்னா வலது பக்கம் ஸ்டேஷன், இடது பக்கம் ஆத்துப் பாலம். இவன் வலது பக்கம் போறான் பாருங்க. ரயிலேறிட்டான். எங்கயோ உசுரோட இருக்கான்.” சொல்லும்போதே அழுதார், சிரித்தார். ஸ்கிரீனில் ஃபிலிமைப் புரட்டி வைத்துப் படம் ஏற்றியது நான்தான். இடமும் வலமும் மாறிவிட்டதை அச்சடித்த பிறகுதான் கவனித்தேன். அதுவும் அழகாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிக்கொண்ட கடைப் பெயரை மட்டும் மஞ்சள் பூசி மறைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். “அம்மா, அவன் பாலத்துப் பக்கம் போகலம்மா. நான் கண்ணால பாத்துட்டேன்.” போனை வைத்துவிட்டு மறுபடி படத்தை நெருங்கினார். “எல்லாம் அப்படியே இருக்குங்க. போர்டுல மட்டும் ஏன் எழுத்தையே காணோம்?”