கடைசி வரிக்கு இடமில்லை

கம்ப்யூட்டர் மறுபடியும் 'டுங்' என்றது. அதற்கு மேல் ஓர் எழுத்துகூட ஏறவில்லை.

கடைசி வரி பாதியில் நின்றது. புஷ்பவல்லி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஒரு பெட்டி. அதற்கு மேலே கண்டெய்னரின் படம். போர்ட் கிள்ளான் கிடங்கு ஆட்களுக்கான பாதுகாப்புப் பாடம். சிடியில் போட்டுக் கொடுக்க வேண்டும். இங்கிலீஷ் வாசகம் அந்தப் பெட்டிக்குள் சுலபமாக அடங்கியிருந்தது. மலாயும் அடங்கியது. தமிழுக்கு மட்டும் கொம்பு ஓர் எழுத்து, கால் ஓர் எழுத்து, புள்ளி ஓர் எழுத்து என்று அந்தச் சாப்ட்வேர் கணக்குப் பண்ணியது.

"கடைசி வரிய தூக்கிரு லா, புஷ்பா" என்றார் சபாபதி, பக்கத்து மேசையிலிருந்து. பிரிக்பீல்ட்ஸ் மாடியிலிருந்த அந்தச் சின்ன ஆபிசுக்கு அவர்தான் முதலாளி. "மத்ததெல்லாம் கஸ்டமருக்கு முக்கியம். அதுல எதையும் விட்றாத."

மற்றவை இவைதான். கதவில் விஷப்புகை எச்சரிக்கை ஒட்டியிருந்தது. தொழிலாளி முகமூடி அணியவில்லை. கதவைத் திறந்து உள்ளே சென்று மூச்சுத் திணறி இறந்தார்.

கடைசி வரி: அவரை உள்ளே போகச் சொன்னவர் மேற்பார்வையாளர்.

பாடத்தில் தொழிலாளிக்குப் பெயர் இல்லை. உண்மையில் அவனுக்கு நாகையா என்று பெயர். பூச்சிக்குப் புகை போட்ட கண்டெய்னரில் கச்சான் கடலை மூட்டை இறக்கப் போனவன். புஷ்பவல்லியின் புருஷன்.

சபாபதிக்கு அது தெரியாது. தெரிந்தால் வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். வேறு ஆள் என்றால் இந்நேரம் அந்த வரியைத் தூக்கிப் போட்டுவிட்டு டீ குடிக்க இறங்கியிருப்பான்.

அந்தக் கிடங்கில் முகமூடி என்று ஒன்று இருந்ததே இல்லை. அதை எழுதச் சொல்லி யாரும் தரவில்லை. இங்கிலீஷ் வாசகத்தை எழுதியவன் யாரோ, அவன் கையிலிருந்து எப்படியோ தப்பி விழுந்தது இந்தக் கடைசி வரி. நாகையா தானாகப் போய்ச் சாகவில்லை என்று உலகத்தில் எழுதி வைத்திருப்பது இந்த ஒரு வரிதான். துக்கத்துக்கு வந்தவர்களே, "பாத்துப் போயிருக்கலாம், அவசரக்காரன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்கள்.

"எதையும் விடல பாஸ். வார்த்தைய மட்டும் கொறைச்சுப் பாக்குறேன்."

"மத்தியானத்துக்குள்ள முடி. கஸ்டமர் வந்து உக்காந்துருவாரு."

எச்சரிக்கைக்கு முன்னாலிருந்த விஷப்புகையை எடுத்தாள். 'தொழிலாளி'யை 'ஆள்' ஆக்கினாள். நாகையா இன்னும் கொஞ்சம் சுருங்கிப்போனான்.

'மூச்சுத் திணறி' என்ற இடத்தில் கை நின்றது.

அதையும் எடுத்தாள்.

இன்னும் இடம் போதவில்லை. 'மேற்பார்வையாளர்' என்பதை அழித்துவிட்டு 'மண்டோர்' என்று அடித்தாள். முற்றுப்புள்ளி வரைக்கும் ஏறியது. 'டுங்' வரவில்லை.

சபாபதி எட்டிப் பார்த்தார். "மண்டோரா? ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டவா பாடம் நடத்துறோம்?"

"கிடங்குல இன்னும் அப்படித்தான் கூப்பிடுறாங்க பாஸ்."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

அவள் அடித்ததைச் சேவ் பண்ணினாள்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார். "ஒரு தடவ ஓட்டிப் பாத்துரு. பின்னால வர்ற கேள்விய நானே நேத்து அடிச்சிட்டேன்."

இருந்துட்டுப் போகட்டும். அந்த வார்த்தை போதும் அவளுக்கு. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பாடத்தை முதலிலிருந்து ஓட்டினாள். கண்டெய்னர் வந்தது. பெட்டி வந்தது. கடைசி வரி முழுசாக இருந்தது. அடுத்த திரைக்குப் போனாள்.

இந்த விபத்துக்குக் காரணமானவர் யார்?

கேள்விக்குக் கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் மேற்பார்வையாளர். இன்னொன்றில் தொழிலாளி.

மேற்பார்வையாளரை அழுத்தினாள்.

சிவப்பில் எழுத்து வந்தது. தவறு. எச்சரிக்கை ஒட்டிய கதவைத் திறந்தவர் யார்? மீண்டும் முயல்க.

இன்னொரு தடவை அழுத்தினாள். அதே சிவப்பு.

"பாஸ், இது தப்பா இருக்கு."

"தப்பில்ல லா. கஸ்டமர் குடுத்த பதில் அது. இங்கிலீஷ், மலாய் எல்லாத்துலயும் அதான். தொழிலாளிய அழுத்துனாத்தான் மேல போகும். பாடத்த முடிக்காதவன கிடங்கு கேட்டுக்குள்ள விடமாட்டாங்க, அதனால எல்லாரும் அழுத்தித்தான் ஆகணும்."

எல்லாரும் என்றால், நாகையாவைக் கண்டெய்னரிலிருந்து தூக்கி வந்தவர்களும்தான்.

"அழுத்து புஷ்பா. மிச்சத்தையும் பாக்கணும்ல."

அவள் தொழிலாளியை அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் கை தட்டியது.