காட்டுப்பன்றிக்குத் திறந்த கதவு

சதீஷ்குமாரின் கோழிப்பண்ணைக் கதவுக்கு மூக்கு உண்டு. கோழிக்கு ஆகாத கிருமியோடு வருகிறவர் அமைச்சரே ஆனாலும் அது திறக்காது. வீடோ பண்ணைக்குள்தான் இருந்தது.

மகள் மகிழினியைப் பெண் பார்க்க, பக்கத்து ஊர்க் கோழிப்பண்ணைக்காரர் பிரசாந்த், தன் மகன் ஆதவனோடு வந்து நின்றார். கதவு மோந்து பார்த்தது, அசையவில்லை. அந்த நேரம் பார்த்துச் சேறு சொட்டச் சொட்ட ஒரு காட்டுப்பன்றி வந்தது. கதவு மரியாதையாகத் திறந்து, அதை மட்டும் உள்ளே விட்டு மூடிக்கொண்டது.

“ஏனுங் சம்பந்தி, காட்டுப்பன்னி சுத்தம், நாங்க அசுத்தமுங்களா?” பிரசாந்த் கொதித்தார்.

கதவுக்கு உள்ளே நின்ற சதீஷ்குமாருக்கு வியர்த்தது. கதவின் மோப்பத்தை நிறுத்தினால் கோழிகள் போகும்; நிறுத்தாவிட்டால் சம்பந்தம் போகும்.

“கோழிக் கொட்டாய்ச் செருப்போடயே வந்துட்டீங்களாட்ட இருக்குதுங்” என்று முனகினார்.

ஆதவன் செருப்பைக் கழற்றிவிட்டு, வெளிக்குழாயில் காலைத் தேய்த்துக் கழுவினான். கதவு திறந்தது.

“டேய், மாப்பிள்ளை காலைப் பொண்ணு வீட்டுக்காரங்கதான்டா கழுவோணும்! அதான்டா முறை!” என்று கத்திய பிரசாந்த், செருப்பைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றார்.

உள்ளே வீட்டு வாசலில் பன்றியை விரட்டிக்கொண்டிருந்த மகிழினி திரும்பிப் பார்த்தாள்.

“அப்பா, எனக்குச் சம்மதம். மாமாவுக்குக் காப்பிய வெளியவே குடுத்துருங்க.”