இறக்கம் அதிகமுள்ள இணைப்பு

திரையில் சென்னை ஏற்றுமதிக்காரரின் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மூக்குக் கண்ணாடியில் படிந்திருந்த விரல் ரேகைகூடத் தெரிந்தது.

சிக்கல் அவருக்குத் தெரிந்த படத்தில்.

பானுமதி ஒரு கை மிளகை அள்ளிக் கேமரா முன்னால் மெல்லச் சரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அவருக்கோ முதல் படத்தோடு எல்லாம் உறைந்துவிட்டது. வெயிலில் மினுங்கும் ஒரு தாம்பாளம் மிளகு. அவ்வளவுதான் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஹலோ? அம்மா? படம் நின்னு போச்சே. நான் பேசறது கேக்குதா?"

இணைப்பைப் பொருத்திக் கொடுத்த தமிழ்செல்வனுக்கு, மலைமேல் சோளக்காடு ஊரில் இருந்த அந்தக் கடைக்குள் வேர்த்துக் கொட்டியது. அவன் முதுகுக்குப் பின்னால் மூட்டை மூட்டையாக மிளகு. ஆலத்தூர் நாடு, குண்டனி நாடு என்று பக்கத்து மலையூர்களில் வீடு வீடாகப் போய், நல்ல விலை வாங்கித் தருகிறேன் என்று சொல்லிப் பானுமதி சேர்த்தது. இந்த அழைப்பில் விலை படிந்தாக வேண்டும்.

ஏற்றுமதிக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. வருஷா வருஷம் "சுமார்தாம்மா" என்ற ஒரே வார்த்தையில் விலையை இறக்கிவிடுவார். ஒரு பலவீனம் உண்டு: பக்கத்தில் ஆள் இருந்தால் வாய் சும்மா இருக்காது.

எங்கே பிசகியது என்று தமிழ்செல்வனுக்கு உடனே புரிந்துவிட்டது.

போன வாரம் இதே கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கியிருந்தான். விளக்குவதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

சிம் போட்ட பெட்டி மலிவு. ஆனால் சந்தை நாளில் ஊரே செல்போனை எடுத்தால், டவரில் இருப்பதை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடி இழை அருமையானது. முடியளவு கண்ணாடிக்குள் வெளிச்சமே தகவலாக ஓடும்! ஆனால் அது இன்னும் இந்தத் தெருவுக்கு வரவில்லை. மிச்சமிருப்பது கூரையில் ஒரு சின்ன ஆன்டெனாத் தட்டை வைத்து, எதிர் மேட்டில் நிற்கும் கம்பெனிக் கோபுரத்தோடு காற்றிலேயே பேச வைப்பது.

அதிலும் இரண்டு பாதை. நாம் அனுப்புவது ஏற்றம், நமக்கு வருவது இறக்கம். வீடுகளில் படம் பார்க்கிறவர்கள்தான் அதிகம், அனுப்புகிறவர்கள் குறைவு. அதனால் சாதாரண இணைப்பில் இறக்கத்துக்கு அகலச் சாலையும் ஏற்றத்துக்கு ஒற்றையடிப் பாதையும் விடுவார்கள். தொழில் செய்கிறவர்கள் கேட்டால் இரண்டையும் ஒரே அகலத்தில் தருவார்கள்.

"உங்களுக்கு ஏத்தம் அதிகம் வேணுமாக்கா, இறக்கம் அதிகம் வேணுமா?" என்று கேட்டிருந்தான்.

"ஏனுங்க தம்பி, இதென்ன கேள்வி? மிளகு, காப்பிக்கொட்டை, பலாப்பழம் எல்லாம் கீழதான இறக்குறோம்? மேல ஏத்துறது அரிசியும் சிமெண்டுந்தான். இறக்கத்தையே நல்லாப் போடுங்க."

விளக்கி முடித்த சந்தோஷத்தில் அவனும் அப்படியே போட்டுவிட்டான். மலையில் இருப்பவர்களுக்கு அனுப்புவதெல்லாம் இறக்கம் என்பது இப்போதுதான் மண்டையில் உறைத்தது.

போதாக்குறைக்கு, மிளகு காயும் களத்துக்கு ஒரு கேமரா வைத்து, இன்று காலைதான் பானுமதி அதை ஓட விட்டிருந்தாள். அதுவும் அந்த ஒற்றையடிப் பாதையில்தான் தன் படத்தை ஏற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, தப்பு..." என்று ஆரம்பித்தான்.

பானுமதி உதட்டில் விரலை வைத்தாள்.

திரையில் ஏற்றுமதிக்காரர் பக்கத்திலிருந்த கணக்கர் பக்கம் திரும்பினார். அவர் குரல் ஒரு எழுத்துக்கூடச் சிதறாமல் இறங்கி வந்தது.

"லைன் செத்துப் போச்சுய்யா. ஆனா நின்னுபோன படத்துலயே மிளகு மணி எப்படி இருக்கு பாத்தியா? கப்பலுக்கு இதை விட்டா நமக்கு வேற சரக்கு இல்ல. அந்தம்மா என்ன விலை சொன்னாலும் வாங்கித்தான் ஆகணும். எதுக்கும் முதல்ல சுமார்னு சொல்லி வைப்போம்."

பானுமதி அழைப்பைத் துண்டித்தாள். பட்டன் போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள்.

"படம் நின்னு போச்சுங்களா சார்? பாத்த வரைக்கும் மிளகு எப்படீங்க?"

சற்றுக் கேட்டுக்கொண்டாள்.

"சுமாருங்களா? அப்ப விட்டுருங்க சார். சுமார் மிளகைக் கப்பலேத்தி, உங்க மானத்தையும் எதுக்குங்க கப்பலேத்தணும்?"

மறுமுனையில் இருந்தவர் அவசர அவசரமாக விலை கேட்டார். பிறகு அவள் சொன்ன விலைக்கே படிந்தது.

தமிழ்செல்வனுக்கு மூச்சு வந்தது.

"தப்பு என்னோடதுதானுங்கக்கா. நீங்க மலைக்கணக்குல சொன்னதை நான் கம்பெனிக் கணக்குல எடுத்துக்கிட்டேன். ரெண்டு பாதையையும் ஒரே அகலமா மாத்திடறேன். தட்டு நேரா நிக்குதான்னு மட்டும் பாத்துட்டு வாரேன்."

"அது கெடக்கட்டும் சாமி. இறக்கம் நல்லாத்தான இருக்குது?"

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஏணியைச் சாய்த்து ஏறத் தொடங்கினான்.

அந்த நேரம் பக்கத்துக் கடைக் குப்புசாமி வாசலுக்கு வந்தார். காப்பிக்கொட்டை வியாபாரி. அவர் சரக்கைப் பெங்களூர்க்காரர் ஒருவர் வீடியோவில் பார்க்கக் கேட்டிருக்கிறாராம்.

"ஏம்மா பானு, நானும் ஒரு கனெக்சன் போடலாம்னு இருக்கேன். நாம காட்டறதெல்லாம் கீழதான போகுது? அப்ப எனக்கும் இறக்கந்தான அதிகம் வேணும்?"

"ஐயோ அண்ணா, அப்படிப் போட்டுறாதீங்க! இன்டர்நெட்டுக்கு மலையேது, கீழயேது? நாம அனுப்புறது எங்க போனாலும் அது ஏத்தம். நமக்கு வந்து சேர்றதுதான் இறக்கம். தம்பி போன வாரமே எனக்குத் தெளிவாச் சொல்லிக் குடுத்திருச்சு."

ஏணியில் பாதி ஏறியிருந்த தமிழ்செல்வன், இன்று காலை அவள் ஓட விட்ட களத்துக் கேமராவை நினைத்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கினான்.