கேட்டுக்கு அந்தப் பக்கம்

“வெளியே போக மட்டும் தெரிஞ்ச கதவு எதுக்குப்பா?” என்று வயர்காரரின் மகள் ஒருமுறை கேட்டாள்.

சிம் கார்டு வழியாக வரும் இணையத்தைப் பற்றி அவர் வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது கேட்ட கேள்வி அது. அந்த வழியில் நாம் வெளியே போகலாம், வேண்டியதை வாங்கி வரலாம். வெளியில் இருக்கும் ஒருவர் நம்மைத் தேடி உள்ளே வர முடியாது. கம்பெனிக்காரன் ஆயிரம் வீட்டுக்கும் சேர்த்து ஒரே முகவரியை மாட்டி வைத்திருக்கிறான். வருகிறவருக்கு நம் வீடு எதுவென்று தெரியாது.

ஆறு வயதுப் பிள்ளையின் கேள்வி. சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

இன்று அவர் நின்றுகொண்டிருந்தது கேபிள் வராத ஒரு தெருவின் கடைசி வீட்டில். ஒரு மாதம் முன்பு, அங்கே தனியாக இருக்கும் ஓர் அம்மாவை அவளுடைய மகள் தூரத்து ஊரிலிருந்து பார்த்துக்கொள்ள, சிம் போடும் பெட்டியும் கேமராவும் மாட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

அந்த அம்மா இப்போது இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தாள்.

“என்ன வயர்காரரே, உங்க பெட்டி இன்னிக்காவது முழிச்சிருக்கா? இல்ல, என்னை மாதிரி படுத்துக்கிச்சா?”

“பளிச்சுன்னு தெரியுதும்மா,” என்றார், போனைக் காட்டி. கட்டில், தலையணை, போர்வைக்கு வெளியே நீட்டிய பாதம். எல்லாம் தெரிந்தன.

“அன்னிக்கும் இப்படித்தாண்ணே தெரிஞ்சுது,” என்றாள் மகள். துணிப்பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு, ரயிலுக்குப் போக மனமில்லாமல் நின்றாள். “ஊருக்குப் போனதும் எனக்கு ஒண்ணுமே வரல. நாந்தான் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாப் போட்டிருக்கேன்.”

ஊருக்குப் போன மறுநாளே அவள் அவருக்குப் போன் செய்திருந்தாள். யார் வீட்டிலோ ஏணி மேல் நின்றிருந்தார். ‘பாஸ்வேர்டைச் சரியாப் போடு தங்கச்சி’ என்று சொல்லி வைத்துவிட்டார். அவளும் நான்கு நாள் போட்டுப் போட்டுப் பார்த்தாள். ஐந்தாம் நாள் காலையில் அம்மா குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தாள்.

கேமராவுக்கு நேர் எதிரேதான் குளியலறை வாசல். அது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

வண்டிப் பையிலிருந்து திருப்புளி எடுத்து வர வெளியே நடந்தார். போன் கையிலேயே இருந்தது. இரும்புக் கேட்டைத் தாண்டி நாலடி வைத்ததும் திரையில் அம்மாவின் பாதம் அப்படியே உறைந்து நின்றது. பிறகு அதன்மேல் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

கேட்டுக்குள் திரும்பி வந்தார். பாதம் வந்தது.

மறுபடி வெளியே போனார். வட்டம்.

போனின் மூலையில் வைஃபை குறி இல்லை. உள்ளே இருந்தவரை அவர் போன் அந்த வீட்டுப் பெட்டியோடுதான் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக்குள் நின்றபடியே வீட்டைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கும் அப்படித்தான். ‘நல்லா இருக்கு’ என்று சொல்லி, போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் இந்தக் கேட்டைத் தாண்டிப் போனார்.

“என்னாச்சுண்ணே? பாஸ்வேர்டுதானே?” வாசற்படியில் மகள் நின்றிருந்தாள்.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது நாக்கு நுனிவரை வந்தும் விட்டது. ‘கடவுளே’ என்று மனசுக்குள் சொல்லி அதை விழுங்கினார்.

“இல்ல தங்கச்சி. உன்மேல ஒரு தப்பும் இல்ல. வெளியிலேர்ந்து வருதான்னு நான் பார்க்கவே இல்ல. எந்தப் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் உனக்கு வந்திருக்காது.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் படியிலேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“இத்தனை நாளும் என்னையே தின்னுக்கிட்டு இருந்தேண்ணே,” என்றாள். அவ்வளவுதான்.

தன் கடைக்குப் போய்ச் சின்னப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து மாட்டினார். அது தானே வெளியே போய்க் கடைக் கணினியின் கையைப் பிடித்துக்கொள்ளும், விடாது. கேபிள் இருக்கும் கடைக்குத் தனி முகவரி உண்டு; மகள் போன் வழியாக அங்கே வந்தால், கடைக் கணினி அவளை அந்தக் கைவழியே வீட்டுக்குள் கூட்டிப்போகும். கடைக் கணினியை இனி அணைக்கக் கூடாது, அவ்வளவே. இந்த முறை போனில் வைஃபையை நிறுத்திவிட்டு, தெருமுனைவரை நடந்து பார்த்தார். அம்மாவின் பாதம் கூடவே வந்தது.

நண்பகலில் மகள் ஆட்டோ ஏறினாள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் மாலை ஐந்து மணிக்குத்தான் வருவாள்.

“பார்த்துப் போங்க வயர்காரரே,” என்றாள் அம்மா.

வயர்காரர் சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். வண்டியை எதிர்ச்சுவர் ஓரம் நிறுத்தினார். அங்கே நிழல் இல்லை. உட்காராமல் நின்றார்.

சில நிமிடங்களுக்கு ஒருமுறை போனைத் திறந்தார். அம்மா தண்ணீர் குடித்தாள். அம்மா தூங்கினாள். ஒருமுறை கேமராவை நேராகப் பார்த்து, மகள் பார்ப்பதாக எண்ணிச் சிரித்தாள். அவர் சட்டென்று போனைத் தாழ்த்திக்கொண்டார்.

வேலைக்குக் கூப்பிட்டவர்களிடம் நாளைக்கு என்றார். “யாரைப் பார்க்கணும்?” என்று கேட்ட வழிப்போக்கரிடம் யாரையும் இல்லை என்றார்.

ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்து கேட்டைத் திறந்து உள்ளே போனாள். போன் திரையில் அறை விளக்கு எரிவது தெரிந்தது. பேச்சுக்கு ஆள் வந்த மகிழ்ச்சியில் அம்மாவின் கை மேலே எழுந்தது.

வயர்காரர் மடங்க மறுத்த முழங்காலை மெல்ல நீவிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று குளியலறை வாசலின் ஈரத்தில், கேமராவைப் பார்த்தபடி அம்மா கிடந்ததும் ஐந்து மணி நேரம்தான்.