ஐம்பது மணி நேரச் சோதனை

ஹைட்ரூனின் நகக்கண்ணெல்லாம் சிவப்பேறிக் கிடந்தது. மேசைமேல் ஒரு கிண்ணம் நிறைய செர்ரிப் பழம்.

"காலங்காத்தால மரமேறிட்டியா?" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார் ஃபோல்க்மார். ஜெர்மனியின் ஷ்வாபிய மலைமேட்டுக் கிளைடர் கிளப்பின் தலைவர். கையில் தன் மகள் ஸ்வென்யாவின் மோட்டார் கிளைடரின் பதிவேடு.

"எடுத்துக்குங்க," என்று கிண்ணத்தை நகர்த்தினாள் ஹைட்ரூன். அந்தக் கிளப்பில் அப்பன் வயசுக்காரரையும் பெயர் சொல்லி, நீ வா போ என்றுதான் பேசுவார்கள். அவள் மட்டும் பன்னிரண்டு வருடமாக இவரை 'நீங்க' என்றே தள்ளி வைத்திருந்தாள். கணவன் லோதாரைப் புதைத்த நாளிலிருந்து.

ஃபோல்க்மார் ஜன்னல் வழியே கொட்டகையை எட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை கொண்டுவந்து விட்ட விமானம் போர்த்திய உறையோடு அப்படியே நின்றது.

"நல்லவேளை, நீ தொடலை. பதினோரு மணிக்குப் போட்டி. மூணு வருசமா ஸ்வென்யா இதுக்காகக் கிடந்து தவிக்கிறா. ஒரு கையெழுத்தைப் போட்டுடு, போதும்."

"ஐம்பது மணி நேரம் ஓடியாச்சு. ப்ரொப்பெல்லரைக் கழட்டி, அதோட இறக்கை அடியில சிவப்புச் சாயம் பூசித் தொடச்சு, விரிசல் இருக்கான்னு பார்க்கணும். விதி."

"விதியை எனக்கே சொல்றியா? உனக்கு முன்னாடி இருபது வருசம் இதே நாற்காலியில உக்காந்து சோதிச்சவன் நான். கழட்டி மாட்ட அரை நாள் ஆகும். அதுக்குள்ள போட்டியே முடிஞ்சிடும்."

"பார்க்காமலே போடச் சொல்றீங்க."

"ஆமாங்கறேன், போடேன்! நல்லாத்தான் இருக்கு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

ஹைட்ரூன் அந்த இரண்டு கண்ணையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ஜன்னல் பக்கம்கூடத் திரும்பவில்லை.

இவ்வளவு லேசில் முடியும் என்று ஃபோல்க்மார் நினைக்கவில்லை. "நல்ல மனசு உனக்கு. எத்தனை நாளைக்குத்தான் முறைச்சிக்கிட்டே இருக்கறது, சொல்லு," என்று ஒரு செர்ரியை வாயில் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணிக்கு ஸ்வென்யாவின் விமானம் ஓடுபாதையின் முனையில் நின்றது. அதன் முதுகிலிருந்து ப்ரொப்பெல்லர் எழுந்து சுழல ஆரம்பித்தது. பின்னால் இருபது விமானங்கள் வரிசையில், எல்லாவற்றிலும் ரேடியோ திறந்திருந்தது.

ரேடியோ மேசைக்குப் பக்கத்தில் ஃபோல்க்மாரும் ஹைட்ரூனும் நின்றார்கள்.

"லோதாரும் இதே ரகத்துலதான் போனான்," என்றாள் அவள்.

"இன்னிக்கு எதுக்கு அந்தப் பேச்சு?"

"அறுபது மீட்டர் உயரத்துல ப்ரொப்பெல்லர் இறக்கை பிச்சுக்கிட்டுப் போச்சு. பழைய விரிசல்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன். சோதிச்சாச்சுன்னு விசாரணைக்காரங்க உங்க கையெழுத்தைக் காட்டினாங்க. லோதார்தான் எங்கேயோ இடிச்சிட்டு மறைச்சிட்டான்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க. செத்தவன் பொய்யனாவும் ஆயிட்டான்."

ஃபோல்க்மார் ஓடுபாதைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதுக்கப்புறம்தான் பட்டறை வேலையை விட்டேன். நாற்பத்தஞ்சு வயசுல புத்தகம் பிடிச்சு, ரெண்டு தடவை தோத்து, மூணாந்தடவை விமானச் சோதனைப் பரீட்சை தேறினேன். என்னிக்காவது உங்க வீட்டு விமானம் என் கையெழுத்துக்கு வரும்னு தெரியும்."

அவர் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "ஹைட்ரூன்... நீ பார்த்துட்டுத்தானே போட்ட?"

"நீங்க எப்படிப் போடச் சொன்னீங்க?"

எஞ்சின் உறுமியது. ஃபோல்க்மார் மைக்கின்மேல் பாய்ந்தார்.

"ஸ்வென்யா! நிறுத்து! எஞ்சினை அணை!"

"என்னப்பா? எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"ப்ரொப்பெல்லரை யாரும் பார்க்கலம்மா! இறங்கு!"

"கையெழுத்து இருக்கேப்பா. இப்ப நிறுத்தினா என் வரிசை போயிடும். நான் கிளம்பறேன்."

விமானம் மெல்ல நகர்ந்தது.

"கையெழுத்து இருந்தா பார்த்ததா அர்த்தமா? லோதாரோடதுக்கு நான் போட்டேனே, கழட்டவே இல்லம்மா! ஒரு திருகைக்கூடத் தொடல! அவன் எதுலயும் இடிக்கல. நான்தான் பார்க்கல!"

விமானம் நின்றது. அவர் குரல் இருபது விமானங்களிலிருந்தும் ஒன்றாக வந்து மைதானம் முழுக்கக் கேட்டது. பாராசூட் வாரை மாட்டிக்கொண்டிருந்த ஸ்டுட்கார்ட்காரன் ஒருவன், வாரைப் பிடித்த பிடியிலேயே திரும்பிப் பார்த்தான்.

ஃபோல்க்மாரின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஹைட்ரூன் மைக்கை வாங்கினாள்.

"ஸ்வென்யா, நீ கிளம்பும்மா. நேத்தே கழட்டிப் பார்த்துட்டேன்."