நரம்பு பிரியும் இடுக்கு

இலையின் அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது. அளவுக்கு மீறிய சுத்தம்.

மேற்பக்கமோ கரி பூசியதுபோல் கறுத்திருந்தது. வெள்ளை ஈக்கள் கழிக்கும் இனிப்பு நீரில் படரும் பூசணம் அது. ஈ இல்லாத மரத்தில் அதற்கு வேலையில்லை.

ஆய்வகத்தில் அவள் பார்த்துக்கொண்டிருந்த நுண்ணோக்கியின் கீழ், அடிப்பக்கத்து மெல்லிய மயிர்கள் யாவும் ஒரே திசையில் படிந்திருந்தன.

"என்னக்கா, இலைக்குத் தலை வாரிவிட்ட மாதிரி இருக்கு?" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

ஈரத்துணியால் துடைத்திருக்கிறார்கள். யாருடைய இலை என்பது சோதிப்பவருக்குத் தெரியாது. பையின்மேல் எண் மட்டுமே இருக்கும். ஈ கடல் தாண்டி வந்த புதிய இனம் என்று உறுதியானால், அந்தத் தோட்டத்துக் கொய்யா மரங்கள் அத்தனையையும் வேரோடு பிடுங்கி எரித்துவிடுவார்கள். துடைத்தவர்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை.

நடுநரம்பிலிருந்து கிளைநரம்பு பிரியும் இடுக்கில், துணி எட்டாத இடத்தில், ஓர் இளம்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒன்று போதும். வளர்ந்த ஈக்கள் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இனத்தைக் காட்டிக்கொடுப்பது இறக்கை முளைக்காத இந்தப் பருவத்தின் உடல்தான். ஊசிமுனையால் பெயர்த்து, காரக்கரைசலில் சூடாக்கி, கண்ணாடித் தகட்டில் படுக்கவைத்தாள். முதுகின் கடைசியில் நாக்குப்போல் ஓர் உறுப்பு. அதன் நுனி மழுங்கியிருந்தால் பழைய இனம், மரங்கள் பிழைக்கும்.

நுனி கூர்மையாக இருந்தது.

"துடைச்சும் மாட்டிக்கிட்டாரா மனுஷன்? போன வாரம் உங்க அண்ணன் போன்ல அவ்வளவு நேரம் பூச்சிக்கதை கேட்டாரே, அவர்கிட்ட சொல்லுங்க. சிரிப்பாரு."

அவளும் சிரித்தாள். அண்ணன் அவளுடைய வேலையைப் பற்றி விசாரித்தது அதுவே முதல்முறை.

இலையைத் திரும்பப் பையில் வைக்கும்போதுதான், மேற்பக்கத்துக் கருமையில் ஒரு பெருவிரல் பதிந்திருப்பதைக் கண்டாள். துடைக்கையில் அழுத்திப் பிடித்த விரல். ரேகைகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு தழும்பு ஓடியது. பாதிவழியில் கொக்கிபோல் வளைந்தது.

சிறுவயதில் அவள் ஓங்கிச் சாத்திய கதவில் நசுங்கிய விரல் அது. "நானேதான் சாத்திக்கிட்டேன்" என்று அப்பாவிடம் சொல்லி, வலியோடு வசவையும் வாங்கிக்கொண்டவர் அண்ணன். அந்தத் தோட்டத்தை விட்டால் அவருக்கு வேறு எதுவும் இல்லை.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தகட்டை மறுபடியும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பிறகு, இனத்தின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதிக் கையெழுத்திட்டாள்.

"அந்தப் பூச்சி இலையில எந்தப் பக்கம்மா இருக்கும்?" என்று போன வாரம் போனில் அண்ணன் கேட்டிருந்தார்.

"அடிப்பக்கம்தாண்ணே" என்று அவள் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

இடுக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை.